ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒரே அறையில்: ஓராண்டுக் கணக்குப் பாடத்தை எப்படித் திட்டமிடுவது?

வேப்பமரநிழல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஈராசிரியர் பணிபுரியும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றில் கடந்த கல்வியாண்டின் நடுவில் பணியில் சேர்ந்தேன். தலைமையாசிரியர் 4, 5 ஆம் வகுப்புகளையும் நான் 1, 2, 3 ஆம் வகுப்புகளையும் பார்த்துக்கொள்கிறோம். என் அறையில் ஒன்றாம் வகுப்பில் 6, இரண்டாம் வகுப்பில் 8, மூன்றாம் வகுப்பில் 7 என மொத்தம் 21 பிள்ளைகள். வரும் ஜூனில்தான் ஓர் ஆண்டை முதல் நாளிலிருந்து நானே தொடங்கப் போகிறேன் என்பதால், கணக்குக்கு மட்டுமாவது முழு ஆண்டுத் திட்டத்தை இந்த விடுமுறையிலேயே எழுதி வைத்துக்கொள்ள நினைக்கிறேன்.

அடிப்படை எண்ணறிவுக்கும் எழுத்தறிவுக்குமான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் ஆசிரியர் கையேடும், அரும்பு, மொட்டு, மலர் என்னும் மூன்று படிப்படியான கற்றல் நிலைகளுக்கான பயிற்சி நூல்களும் கையில் இருக்கும்போது தனியாக ஒரு திட்டம் எதற்கு என்று தலைமையாசிரியர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கையேட்டின் வரிசையை நாள் தவறாமல் பின்பற்றியும், ஏப்ரல் மாதத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வர் 52-இலிருந்து 38-ஐக் கழித்து 26 என்று எழுதினார்கள். இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி, ‘முப்பத்தாறு’ என்று நான் சொன்னால் 306 என்று எழுதுகிறாள். அதையே சற்றும் தயங்காமல் ‘முப்பத்தாறு’ என்று படித்தும் காட்டுகிறாள். கையேட்டில் குறை இருப்பதாக நான் கருதவில்லை. எந்த இடத்தில் நின்று நிதானிக்க வேண்டும், எந்த இடத்தை விரைந்து கடக்கலாம் என்பது எனக்குத் தெரியவில்லை என்றே நினைக்கிறேன்.

இப்போதைக்கு நான் செய்திருப்பது இதுதான். 200 வேலை நாட்கள் என்றால் வாரத்துக்கு ஐந்து நாட்களாக 40 வாரங்கள். எண்கள், கூட்டல், கழித்தல், பெருக்கலும் வகுத்தலும், வடிவியல், அமைப்புகள், அளவைகள், நேரம், பணம், தகவல் செயலாக்கம் எனப் பத்துத் தலைப்புகள். ஆகவே தலைப்புக்கு நான்கு வாரங்கள். எழுதி முடித்த பிறகு பார்த்தால், அந்த அட்டவணை அழகாக இருக்கிறதே தவிர எனக்கே அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. எதற்கு எத்தனை வாரம் ஒதுக்குவது, மூன்று வகுப்புக்கும் ஒரே தலைப்பை ஒரே நேரத்தில் நடத்தலாமா, வாய்ப்பாட்டை எப்போது தொடங்குவது என்னும் மூன்றுக்கும் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

குச்சிக்கட்டு (மறுமொழி)

வணக்கம் சகோதரி. பதினெட்டு ஆண்டுகளாக ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளிலேயே இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் அந்த 40 வாரங்களை மறந்துவிடுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு 200 வேலை நாட்களும் 800 கற்பித்தல் மணி நேரமும் வேண்டும் என்கிறது. பள்ளி அத்தனை நாள் திறந்திருக்கவும் செய்கிறது. ஆனால் ஜூன் முதல் வாரம் சேர்க்கையிலும் புத்தகம், சீருடை வழங்குவதிலும் போய்விடும். ஒவ்வொரு பருவத்தின் கடைசியிலும் தொகுத்தறி மதிப்பீடு ஒரு வாரத்தை எடுத்துக்கொள்ளும். உங்கள் தலைமையாசிரியர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ சென்றால் அன்று ஐந்து வகுப்பும் உங்கள் கையில்தான். இவற்றோடு ஊர்த் திருவிழாவையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் எப்போதும் 30 வாரங்களுக்கு மட்டுமே திட்டம் எழுதுவேன்: முதல் பருவத்துக்கு 12, இரண்டாம் பருவத்துக்கு 8, மூன்றாம் பருவத்துக்கு 10. மிச்சப்படும் வாரம் கிடைத்தால் அது எனக்கு வரவு. கிடைக்காவிட்டாலும் திட்டம் குலையாது.

அடுத்து, தலைப்புகள் எல்லாம் சம எடையுள்ளவை அல்ல. ஒன்றாம் வகுப்பில் 20 வரையிலான எண்களும், இரண்டாம் வகுப்பில் ‘பத்து’ என்பது ஒரே நேரத்தில் பத்துப் பொருளாகவும் ஒரு கட்டாகவும் இருக்கிறது என்ற உணர்வும் ஊன்றிவிட்டால், மற்றவற்றில் பாதி தானாக வந்து சேரும். அவை ஊன்றாத இடத்தில் எத்தனை பயிற்சித்தாள் கொடுத்தாலும் உங்கள் பிள்ளைகள் எழுதிய 26-தான் திரும்பத் திரும்ப வரும்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று இருபது வரை பாடுவதை எண்ணத் தெரிந்ததாக நாம் எடுத்துக்கொள்கிறோம். ஏழு புளியங்கொட்டைகளைக் கையில் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். ஒரு கொட்டைக்கு ஒரு சொல் என்று விரலும் வாயும் ஒத்துப் போகின்றனவா என்று பாருங்கள். எண்ணி முடித்தவுடன் ‘எத்தனை இருக்கின்றன?’ என்று கேளுங்கள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது புரிந்த பிள்ளை ‘ஏழு’ என்று சொல்லும். புரியாத பிள்ளை மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். பிறகு அதே கொட்டைகளைப் பரப்பி வைத்து, எண்ணாமலேயே இப்போது எத்தனை என்று கேளுங்கள். ஜூன் மாதத்தில் ஆறு பிள்ளைகளையும் தனித்தனியே அழைத்து இதைச் செய்ய ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும். ஆண்டுத் திட்டத்தின் முதல் பக்கம் அந்த ஐந்து நிமிடங்களில்தான் எழுதப்படுகிறது என்பது என் கருத்து.

சத்துணவுக்கு வரும் முட்டை அட்டைகளைத் தூக்கிப் போட விடாதீர்கள். முப்பது குழியுள்ள அட்டையில் வரிசைக்கு ஐந்து குழியாக ஆறு வரிசைகள் இருக்கும். இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் பத்துக் குழிச் சட்டங்கள் மூன்று கிடைக்கும். அதில் எட்டுக் கொட்டைகளை இட்டால், ஒரு வரிசை நிறைந்து மறு வரிசையில் மூன்று இருப்பதையும், பத்துக்கு இன்னும் இரண்டு வேண்டும் என்பதையும் பிள்ளை எண்ணாமலே பார்த்துவிடும். 8-உம் 5-உம் கூட்ட வேண்டும் என்றால் ஐந்திலிருந்து இரண்டை எடுத்து இந்தச் சட்டத்தை நிரப்பி, மீதி மூன்றை அடுத்த சட்டத்தில் வைக்கும். விடை 13 என்பது கண்முன் நிற்கும். இது பழகாத பிள்ளை மூன்றாம் வகுப்பிலும் மேசைக்குக் கீழே விரல் மடக்கி ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கும்.

உங்கள் 306 சிறுமிக்கு வருகிறேன். அவளுடைய தவறில் ஒரு நியாயம் இருக்கிறது: ‘முப்பது’ என்பதை 30 என்று எழுதக் கற்றுக்கொடுத்தோம், ‘ஆறு’ என்பதை 6 என்று எழுதக் கற்றுக்கொடுத்தோம், அவள் காதில் விழுந்த வரிசையில் இரண்டையும் எழுதிவிட்டாள். 30 என்று எழுதிய நீளமான அட்டையின் பூச்சியத்தின் மேல் 6 என்ற சிறிய அட்டையை வைத்து மறைத்துக் காட்டுங்கள், எடுத்துக் காட்டுங்கள், மறுபடியும் வையுங்கள். பக்கத்தில் மூன்று குச்சிக் கட்டுகளும் ஆறு உதிரிக் குச்சிகளும் இருக்கட்டும். இரண்டு வாரங்களில் மாறிவிடுவாள். அதே சமயம் தொண்ணூறுக்குக் காத்திருங்கள். இருபது, முப்பது, நாற்பது என்று வந்த ஒழுங்கு அங்கே உடைந்து, சொல்லுக்குள் ‘நூறு’ ஒலிப்பதால் 90 என்பதை 900 என்று எழுதும் பிள்ளைகள் ஆண்டுதோறும் எனக்கு வாய்க்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் ‘தொள்ளாயிரம்’ இதே வேலையைச் செய்யும். இருபத்தொன்பதுக்குப் பிறகு ‘இருபத்துப்பத்து’ என்று சொல்லும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம். ஒழுங்கைப் புரிந்துகொண்டதால்தான் அப்படிச் சொல்கிறது.

இன்னொன்று. இடமதிப்புக்கு ரூபாய்த் தாளை முதலில் பயன்படுத்தாதீர்கள். பத்து ரூபாய்த் தாள் ஒரு ரூபாய் நாணயத்தைப் போலப் பத்து மடங்கு பெரிதாக இருப்பதில்லை. அது பத்துக்குச் சமம் என்பதை நம்பித்தான் ஏற்க வேண்டும். குச்சிக் கட்டில் பத்தும் கண்ணுக்குத் தெரியும், அவிழ்த்தும் பார்க்கலாம். கட்டு முதலில், பணம் பிறகு.

என் அளவில், 30 வாரங்களில் எண்களுக்கும் இடமதிப்புக்கும் மட்டும் 11 அல்லது 12 வாரங்கள் கொடுப்பேன். அதில் எனக்குக் கூச்சமே இல்லை.

பணிநிறைவுபெற்றவன் (மறுமொழி)

அம்மா, வணக்கம். டெல்டாப் பகுதியில் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மேலே எழுதியிருப்பவர் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் குச்சி, கொட்டை, அட்டை என்றே ஆண்டு முழுவதும் ஓடிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. செயல்வழிக் கற்றல் (படிப்படியாக அடுக்கிய அட்டைகளைக் கொண்டு பிள்ளைகள் தாமே கற்கும் முறை) வந்த காலத்தில் என் பள்ளியிலேயே நான் கண்டது இது: பிள்ளைகள் ஏணிப்படியில் அட்டை அட்டையாக நகர்ந்தார்கள், பொருள்களை வைத்து அருமையாகச் செய்தார்கள், அவற்றை எடுத்துவிட்டுச் சிலேட்டைக் கொடுத்தால் சிலர் திகைத்தார்கள். தவறு முறையில் இல்லை. பொருளிலிருந்து படத்துக்கும் படத்திலிருந்து எண்ணுக்கும் எப்போது நகர்த்த வேண்டும் என்று நாங்கள் திட்டமிடவில்லை. ஆகவே, உங்கள் திட்டத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் ‘பொருள்களை எடுத்து உள்ளே வைக்கும் வாரம்’ எது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்தது வாய்க்கணக்கு. அதற்குத் தனி வாரம் தேவையில்லை. நாள்தோறும் பத்து நிமிடம் போதும். வருகைப் பதிவேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘நம் அறையில் மொத்தம் 21 பேர், இன்று வந்தவர் 17 பேர், வராதவர் எத்தனை பேர்?’ என்று காலையில் கேட்டால் அதுவே அன்றைய கழித்தல். ‘ஆண்கள் 9 பேர் என்றால் பெண்கள் எத்தனை?’ என்றால் இன்னொன்று. மதியம் எத்தனை தட்டுகள், எத்தனை முட்டைகள் என்பதைச் சமையலறைக்குச் சென்று சொல்லும் பொறுப்பை முறைவைத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தவறாகச் சொன்னால் முட்டை குறையும் என்பதால் பிள்ளைகள் இரண்டு முறை சரிபார்ப்பார்கள். அந்தக் கவனத்தை எந்தத் தேர்வும் தராது.

வாய்ப்பாடு பற்றிக் கேட்டீர்கள். நான் மனப்பாடத்துக்கு எதிரி அல்லன். திண்ணைப் பள்ளிக் காலத்தில் எண்சுவடி என்னும் வாய்ப்பாட்டு நூலை உரக்கச் சொல்லிச் சொல்லியே முழு எண்ணுக்கும் பின்னத்துக்கும் கணக்குப் போட்டவர்கள் நம் முன்னோர். ஆனால் அவர்கள் சொன்ன முறையைக் கவனியுங்கள்: ‘ஈரிரண்டு நான்கு, மூவிரண்டு ஆறு, நாலிரண்டு எட்டு, ஐயிரண்டு பத்து.’ மூவிரண்டு என்றால் மூன்று இரண்டுகள் என்று பொருள் சொல்லிலேயே இருக்கிறது. இன்று பிள்ளைகள் ‘இரண்டு இண்டு மூன்று’ என்று ஒப்பிக்கும்போது எது குழு, எது எத்தனை முறை என்பது காணாமற்போய்விடுகிறது. இரண்டாம் வகுப்பில் மூன்று சோடிச் செருப்புகளை வரிசையாக வைத்து ‘மூவிரண்டு ஆறு’ என்று சொல்லவையுங்கள். 2, 5, 10 ஆகியவற்றைத் தாவி எண்ணுதலாக இரண்டாம் வகுப்பிலேயே முடித்துவிடலாம்.

மூன்றாம் வகுப்புக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஒன்று முதல் பத்து வரையிலான வாய்ப்பாடுகளில் நூறு வரிகள் இருப்பதாகப் பிள்ளை மலைக்கிறது. மூவைந்தும் ஐமூன்றும் ஒன்றே என்று புள்ளி அடுக்கைத் திருப்பிக் காட்டிவிட்டால் நூறு வரிகள் 55 ஆகும். அவற்றில் ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து சேர்ந்து வருபவை ஏற்கெனவே தெரிந்தவை. மீதி இருப்பவை 3, 4, 6, 7, 8, 9 ஆகிய ஆறு எண்கள் தமக்குள் பெருக்கிக்கொள்ளும் 21 வரிகள் மட்டுமே. வாரத்துக்கு ஒன்று என்றாலும் ஓராண்டுக்குள் முடிந்துவிடும். அந்த இருபத்தொன்றையும் ஒரு சார்ட்டில் எழுதித் தொங்கவிட்டு, பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்தவுடன் அதன் பெயருக்கு நேரே வண்ணம் தீட்டச் சொல்வேன். மூன்றாம் வகுப்பு முடிவில் எல்லோரும் இருபத்தொன்றையும் தொட வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு இருந்ததில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு நான்காம் வகுப்பு வரை காத்திருந்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

பெற்றோர் பற்றியும் ஒரு வார்த்தை. ஜூலை முடிந்தும் ஒன்றாம் வகுப்பு நோட்டில் எழுத்தே இல்லையென்றால் கேள்வி வரும். பிள்ளை கொட்டைகளை அடுக்கியதைத் தானே வட்டம் போட்டு வரையட்டும், அதன் கீழே எண்ணை எழுதட்டும். அந்தப் பக்கம் உங்களுக்கும் சான்று, பெற்றோருக்கும் ஆறுதல்.

பயிற்றுநர் (மறுமொழி)

வணக்கம். ஆசிரியர் பயிற்சியோடு தொடர்புடைய பணியில் இருப்பவள். அதற்கு முன் பத்தாண்டுகள் உங்களைப் போன்ற பல்வகுப்பு அறையில்தான் இருந்தேன். எண்களைப் பற்றி மேலே இருவரும் போதுமான அளவு சொல்லிவிட்டார்கள். கழித்தலையும், மூன்று வகுப்பை ஒரே அறையில் நடத்துவதையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

52-இலிருந்து 38 போனால் 26 என்று எழுதிய பிள்ளைகள் கவனக்குறைவால் எழுதவில்லை. ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறார்கள்: எட்டில் இரண்டு போனால் ஆறு, ஐந்தில் மூன்று போனால் இரண்டு. இரண்டாம் வகுப்பில் இனமாற்றமில்லாத (பத்தைப் பிரிக்கத் தேவையில்லாத) கழித்தலை மாதக்கணக்கில் செய்து பழகியபோது இந்த வழி ஒருமுறைகூட அவர்களைக் கைவிட்டதில்லை. ஆகவே அதை ஒரு விதியாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இனமாற்றமில்லாத கணக்குகளை நீட்டிக்கொண்டே போவது எளிதில் தொடங்குவதாகத் தோன்றினாலும், உண்மையில் ஒரு பொய்யான விதியைப் பயிற்றுவிக்கிறது. அதனால் குச்சிக் கட்டுகளோடு செய்யும் வரை, இரண்டு வகையையும் தொடக்கத்திலிருந்தே கலந்து கொடுப்பேன். ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் வைத்திருக்கும் பிள்ளையிடம் எட்டுக் குச்சிகளைக் கேட்டால் அது தானாகவே ஒரு கட்டை அவிழ்க்கும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுத்துக் கணக்கு அந்தச் செயலின் குறிப்பாக மட்டும் பின்னால் வர வேண்டும்.

‘கடன் வாங்குதல்’ என்ற சொல்லையும் நான் விட்டுவிட்டேன். ‘டீச்சர், கடனை எப்போது திருப்பிக் கொடுக்க வேண்டும்?’ என்று ஒரு மாணவன் கேட்ட பிறகு எனக்கு விடை தெரியவில்லை. ‘கட்டைப் பிரித்தல்’ என்றால் நடந்தது என்னவோ அதையே சொல்கிறோம்.

கழித்தலை எடுத்துவிடுதல் என்று மட்டும் கற்பிப்பது இன்னொரு குறை. ‘ஒரு மரத்தில் 8 காகங்கள், இன்னொன்றில் 5 காகங்கள், முதல் மரத்தில் எத்தனை அதிகம்?’ என்று கேட்டால் ‘அதிகம்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் பாதிப் பேர் 13 என்பார்கள். இங்கே எதையும் எடுத்துவிடவில்லை. இரண்டு வரிசைகளை அருகருகே வைத்து ஒப்பிடுகிறோம். ‘12 ரூபாய்ப் பேனா வாங்க வேண்டும், கையில் 9 ரூபாய் இருக்கிறது, இன்னும் எவ்வளவு தேவை?’ என்பது மூன்றாவது வகை. இதில் 9-இலிருந்து மேலே ஏறிப் போவதுதான் இயல்பு. 52-இலிருந்து 38-ஐக் கழிப்பதையும் இப்படியே எண்கோட்டில் செய்யலாம்: 38-இலிருந்து 40-க்கு 2, அங்கிருந்து 52-க்கு 12, ஆக 14. கூட்டலுக்குக் கொடுப்பதைவிடக் கழித்தலுக்கு ஒன்றரை மடங்கு நேரம் ஒதுக்குங்கள் என்று பயிற்சிகளில் எப்போதும் சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

இனி மூன்று வகுப்புக்கும் ஒரே தலைப்பா என்ற கேள்வி. ஆம், இயன்ற இடத்திலெல்லாம் ஒரே தலைப்பு, மூன்று ஆழம். ஒப்பிட்டுக் கழிக்கும் வாரத்தில் எல்லோருக்கும் பேருந்துக் கதை ஒன்றையே சொல்லலாம். அரும்பு நிலைப் பிள்ளைகள் பத்துக்குள் பயணிகளை ஏற்றி இறக்குவார்கள். மொட்டு நிலையினர் கட்டும் குச்சியுமாக 40 பயணிகள் வரை போவார்கள். மலர் நிலையினர் இரண்டு பேருந்துகளை ஒப்பிட்டு நோட்டில் எழுதுவார்கள். முதல் பத்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து வாய்க்கணக்கு. பிறகு ஒரு குழுவோடு நீங்கள் அமர்ந்திருக்கும்போது ஒரு குழு பொருள்களோடும் மற்றது பயிற்சி நூலோடும் இருக்கட்டும். பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை மாறட்டும். பல்லாங்குழி, தாயம், பரமபதம் ஆகியவை இந்த ஏற்பாட்டில் விளையாட்டு நேரத்துக்கானவை அல்ல, முழு வேலை செய்யும் கருவிகள். பரமபதத்தில் 27-இல் நிற்கும் பிள்ளைக்கு 5 விழுந்தால் 27-இலிருந்து தொடர்ந்து எண்ணியே ஆக வேண்டும்.

ஒரே தலைப்பு பொருந்தாத இடமும் உண்டு. ஜூன், ஜூலையில் ஒன்றாம் வகுப்பை எண்ணும் நிலையிலேயே தனியாக விட்டுவிடுங்கள்; அந்த ஆறு பேரை மற்றவர்களின் தலைப்புக்குள் இழுக்க வேண்டாம்.

அளவைகளைப் பருவநிலை பார்த்து வையுங்கள். சாணாலும் அடியாலும் வகுப்பறையையும் திடலையும் அளக்கும் வேலை மழைக்காலத்தில் நடக்காது; அதை ஆகஸ்டிலோ பிப்ரவரியிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கரும்பலகை ஆசிரியையின் சாணுக்கு 11, மாணவியின் சாணுக்கு 17 என்று வரும்போதுதான் அளவுகோலின் தேவை பிள்ளைகளுக்குப் புரியும். மாறாக, அக்டோபர், நவம்பரில் தகவல் செயலாக்கத்தை வைத்தால் மழையே பாடமாகும்: ஒவ்வொரு நாளும் மழை, வெயில், மேகம் என்று ஒரு கட்டத்தில் வண்ணம் தீட்டினால் மாத இறுதியில் வரைபடம் தயார். நேரமும் நாட்காட்டியும் தனித் தலைப்பாக வாரங்களைக் கேட்கக் கூடாது. சுவர்க் கடிகாரத்தைத் தினமும் மூன்று முறை பார்க்கவைத்தால் போதும். அரை, கால் என்பவை பிள்ளைகளுக்கு அரை லிட்டர் பாலிலும் கால் கிலோ தக்காளியிலும் ஏற்கெனவே தெரியும், அங்கிருந்து தொடங்குங்கள்.

வேப்பமரநிழல் (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய அட்டவணையைக் கிழித்துவிட்டு நேற்றிரவு புதிதாக எழுதினேன். எண்களும் இடமதிப்பும் 11 வாரங்கள், கூட்டலுக்கு 4, கழித்தலுக்கு 6, பெருக்கல், வகுத்தலுக்கு 4, அளவைகளுக்கும் பணத்துக்கும் 3, வடிவியல், அமைப்புகள், தகவல் செயலாக்கம் ஆகியவற்றுக்கு 2, ஆக 30. இவற்றைத் தொகுதி தொகுதியாக முடித்துவிடாமல், முதல் பருவத்தில் எண்களுக்கு 7 வாரங்களும் அடுத்த இரண்டு பருவங்களில் இரண்டிரண்டு வாரங்களும் எனப் பிரித்திருக்கிறேன். விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகள் மறந்திருப்பதை அந்த வாரங்களில் சரிபார்க்கலாம் என்பது எண்ணம். பொருள்களை எடுத்து வைக்கும் வாரத்தை ஐயா சொன்னபடி சிவப்பு மையில் குறித்துவிட்டேன்.

ஒரே ஒரு கவலை மிச்சம் இருக்கிறது. ஜூனில் மூன்றாம் வகுப்புக்கு வரவிருக்கும் ஒரு மாணவன் இன்னும் அரும்பு நிலையிலேயே இருக்கிறான். 20-க்குள் எண்ணுகிறான், ஆனால் 14 என்றால் எத்தனை பத்து என்று தெரியாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரவைத்தால் கூனிக்குறுகிப் போகிறான். கடந்த ஆண்டு இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன், மூன்றாம் நாள் பள்ளிக்கே வரவில்லை. மூன்றாம் வகுப்போடு உட்காரவைத்தால் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறான். இவனைத் திட்டத்தில் எங்கே வைப்பது?

குச்சிக்கட்டு (மறுமொழி)

திட்டம் நன்றாக இருக்கிறது. வடிவியலுக்கும் மற்றவற்றுக்கும் 2 வாரங்கள் என்பது சற்றுக் குறைவு. அமைப்புகளை எண்களோடு இணைத்துவிட்டால் சமாளிக்கலாம். 5, 10, 15 என்று தாவுவதும் ஓர் அமைப்புதானே.

அந்த மாணவனைப் பற்றி: அவனை ஒன்றாம் வகுப்பினரோடு உட்காரவைக்காதீர்கள், ஒன்றாம் வகுப்பினருக்கு உதவியாளனாக நியமியுங்கள். உங்கள் அறைக்கு எப்படியும் நிறையக் குச்சிக் கட்டுகள் தேவைப்படும். தென்னை ஈர்க்கை விரல் நீளத்துக்கு ஒடித்து, பத்துப் பத்தாக எண்ணிக் கட்டி, ஒவ்வொரு நாளும் எத்தனை கட்டு, எத்தனை உதிரி என்று கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைப்பது அவன் பொறுப்பாகட்டும். முதல் வாரம் 14 குச்சிகள் என்றால் ஒரு கட்டும் நான்கு உதிரியும் என்பதை அவன் கையே அவனுக்குச் சொல்லும். சின்னப் பிள்ளைகள் கட்டியதில் ஒன்பதோ பதினொன்றோ இருக்கிறதா என்று சோதிக்கும் அதிகாரத்தையும் அவனிடமே கொடுங்கள். எனக்கு இப்படி ஒருவன் இருந்தான். செப்டம்பருக்குள் மொட்டு நிலைக்கு வந்துவிட்டான். மூன்றாம் வகுப்புக் கணக்கு நேரத்தில் அவன் தன் வகுப்பினரோடு அதே பேருந்துக் கதையைக் கேட்கட்டும், விடையை மட்டும் குச்சியில் செய்யட்டும். நோட்டைப் பார்த்து எழுதுவதைத் தடுக்க, அவனுக்கு மட்டும் எண்களை மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

ரப்பர் பேண்டு வாங்காதீர்கள். வெயிலில் ஒரு மாதத்தில் இற்று அறுந்துவிடும். அறுந்தவற்றைச் சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்கும். பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக நறுக்கிக்கொள்ளுங்கள், இரண்டு ஆண்டு வரும். ஊரில் பஞ்சர் ஒட்டுபவரிடம் கேட்டால் சும்மாவே கொடுப்பார்.